'பறக்கத் தகுதியில்லை': அந்த ஒரு வரிக்குப் பிறகு போர் விமானிக்கு என்ன நடக்கிறது?

செய்யாறு பக்கம் திருப்பணமூர் என்ற ஊரை 2019-க்கு முன்னால் வெளியூர்க்காரர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பழமையான சமணக் கோயிலுக்காக வருகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஊர். அந்த ஆண்டு பிப்ரவரி 27-ம் தேதி இந்தப் பெயர் எல்லா சேனலிலும் ஓடியது. மிக்-21 விமானத்திலிருந்து குதித்து பாகிஸ்தானிடம் சிக்கிய விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமானின் பூர்வீகம் இந்த ஊர்தான். மார்ச் 1-ம் தேதி இரவு அவர் வாகா எல்லையைக் கடந்து நடந்து வந்த காட்சி நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

அதற்கப்புறம் வந்த ஆறு மாதம் யாருக்காவது நினைவிருக்கிறதா? அந்த ஆறு மாதமும் அவர் விமானம் ஓட்டவில்லை. ஓட்ட முடியாது என்பதால் இல்லை. ஓட்டலாம் என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை என்பதால். எதிரி நாட்டிலிருந்து இரண்டரை நாளில் திரும்பி வந்தவர், காக்பிட்டுக்குத் திரும்ப அரை ஆண்டு காத்திருந்தார். ஒவ்வொரு போர் விமானியும் எதிரியின் ஏவுகணைக்குப் பயப்படுவதைவிட அதிகமாகப் பயப்படுவது இந்தக் காத்திருப்புக்குத்தான் என்று சொன்னால், துறையில் இருப்பவர்கள் மறுக்க மாட்டார்கள்.

அந்தப் பயத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. உடம்பு சரியில்லை என்று ஒரு விமானியைத் தரையில் இறக்குவது சரியான முடிவுதான். ஆனால் அது மருத்துவ முடிவாக மட்டும் நிற்காமல் வாழ்க்கை முழுக்கத் தண்டனையாக மாறினால், நஷ்டம் அந்த விமானிக்கு மட்டும் இல்லை. அவரோடு பறக்கிற எல்லாருக்கும்தான்.

குதித்தால் உடம்புக்கு என்ன ஆகும்?

போர் விமானத்திலிருந்து 'குதிப்பது' என்று நாம் எழுதுகிறோம். உண்மையில் விமானி குதிப்பதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்கு அடியில் வெடிமருந்தும் ராக்கெட்டும் இருக்கின்றன. கைப்பிடியை இழுத்தால் இருக்கையோடு ஆளைத் தூக்கி மேலே எறியும். அந்தக் கண நேரத்தில் உடம்பின் எடை பன்னிரண்டு முதல் இருபது மடங்காக ஆனது போல முதுகுத்தண்டு நசுங்குகிறது. முதுகெலும்பு நொறுங்குவது இதில் சகஜமாக வரும் காயம். அதனால்தான் குதித்துப் பிழைத்த விமானிக்கு வெளியில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் முதுகை முழுசாக ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள்.

குதிக்காதவருக்கும் பாடு உண்டு. வேகமாக வளைந்து திரும்பும்போது போர் விமானியின் உடம்பு ஒன்பது மடங்கு எடை வரை தாங்க வேண்டியிருக்கும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு, ஏழு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் அந்த நொடியில் கழுத்து தாங்குவது அறுபது கிலோ. அதாவது, ஒரு சிமென்ட் மூட்டையை விடவும் அதிகம். இதை வருடக்கணக்கில் செய்தால் கழுத்தும் முதுகும் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அபிநந்தனுக்கு விலா எலும்பிலும் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலும் காயம் என்று அப்போது செய்திகள் வந்தன. பெங்களூரில் இருக்கும் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் (1957-ல் தொடங்கியது) சோதித்துப் பார்த்து, ஆகஸ்டில் 'பறக்கலாம்' என்றது. செப்டம்பர் 2-ம் தேதி பதான்கோட்டில் அவர் மறுபடி மிக்-21-ல் ஏறினார். உடன் பறந்தவர் அன்றைய விமானப்படைத் தளபதி பி.எஸ்.தனோவா. அவரும் 1988-ல் விமானத்திலிருந்து குதித்தவர். தனக்கு மறுபடி பறக்க ஒன்பது மாதம் ஆனது என்றும், அபிநந்தன் ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டார் என்றும் அன்று அவர் சொன்னார்.

ஏ எத்தனை, ஜி எத்தனை?

விமானப்படையில் ஒருவரின் உடல்தகுதியை இரண்டு எழுத்தில் எழுதுவார்கள். 'ஏ' என்பது ஆகாயத்துக்கு. 'ஜி' என்பது தரைக்கு. ஏ1ஜி1 என்றால் வானத்திலும் தரையிலும் முழுத் தகுதி. பக்கத்தில் இருக்கும் எண் ஏற ஏறத் தகுதி இறங்குகிறது என்று அர்த்தம். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு, காது மந்தம், முதுகில் டிஸ்க் விலகுவது, காரணம் தெரியாத ஒரே ஒரு மயக்கம் - இதில் ஏதாவது ஒன்று போதும், எண் மாறிவிடும்.

முதலில் தற்காலிகமாகத் தரம் இறக்குவார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடி பார்ப்பார்கள். சரியானால் பழைய இடம். சரியாகாவிட்டால் 'நிரந்தரம்' என்று எழுதுவார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆகாயத்துக்குத் தகுதியில்லை என்று எழுதப்பட்ட ஒருவர் தரைக்கு முழுத் தகுதியோடு இருக்கலாம். அவர் நோயாளி இல்லை. காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவராகக்கூட இருப்பார். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, அந்த வேலையின் அழுத்தத்துக்கு, அவர் உடம்பு இனி ஒத்துவராது. அவ்வளவுதான்.

ஆனால் அந்த 'அவ்வளவுதான்' அவருக்கு அவ்வளவு மட்டும் இல்லை. பதினேழு வயதில் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குள் போனவருக்கு முப்பத்தைந்து வயதில் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். நண்பர்கள், குவார்ட்டர்ஸ், பேச்சு, கனவு எல்லாம் ஸ்குவாட்ரனைச் சுற்றித்தான். ஒரு வரியில் எழுதிய மருத்துவக் குறிப்பு அதிலிருந்து அவரை வெளியே எடுத்து வைக்கிறது.

திரும்பி வந்தவர்கள், வர முடியாதவர்கள்

திரும்பி வந்த கதைகளை நாம் விரும்பிக் கேட்கிறோம். பிரிட்டனின் டக்ளஸ் பேடர் 1931-ல் விபத்தில் இரண்டு காலையும் இழந்தார். 1933-ல் விமானப்படை அவரை வீட்டுக்கு அனுப்பியது. 1939-ல் போர் வந்ததும் திரும்பக் கூப்பிட்டது. ரஷ்யாவின் அலெக்ஸி மரேசியேவ் 1942-ல் சுட்டு வீழ்த்தப்பட்டு, காடு பனியெல்லாம் ஊர்ந்து வந்து, இரண்டு காலும் வெட்டப்பட்டு, அடுத்த ஆண்டே செயற்கைக் காலோடு போருக்குப் போனார்.

இவை சிலிர்க்க வைக்கும் கதைகள்தான். ஆனா ஒரு ஆபத்தும் இதில் இருக்கிறது. 'மனசு வைச்சா முடியும்' என்று இதைப் படித்துவிட்டு, முடியாமல் போனவரை மனசு வைக்காதவர் என்று நினைத்துவிடுகிறோம். முதுகெலும்புக்கு மனசு தெரியாது.

நம் நாட்டிலேயே வேறு மாதிரிக் கதைகள் இருக்கின்றன. கார்கில் போரின்போது 1999 மே 27-ல் மிக்-27-லிருந்து குதித்துப் பாகிஸ்தானிடம் பிடிபட்டவர் நசிகேதா. ஒரு வாரத்தில் விடுதலையானார். ஆனால் குதித்தபோது முதுகில் பட்ட காயத்தால் போர் விமானத்துக்கு அவரால் திரும்ப முடியவில்லை. விமானப்படை அவரைச் சரக்கு விமானப் பிரிவுக்கு மாற்றியது. ஐஎல்-76 என்ற பெரிய விமானத்தை ஓட்டினார். குரூப் கேப்டன் ஆகி ஓய்வு பெற்றார். ஒரு கதவு மூடியபோது பக்கத்துக் கதவைத் திறந்துவிட ஆள் இருந்தது. இந்த விஷயத்தில் நாம் கொண்டாட வேண்டிய முன்னுதாரணம் இது.

கேரளத்தின் எம்.பி.அனில்குமாருக்கு அந்தக் கதவும் இல்லை. மிக்-21 விமானி. 1988 ஜூன் 28-ம் தேதி இரவு பதான்கோட்டில் மோட்டார் சைக்கிள் விபத்து. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அப்போது வயது 24. புணே அருகே கட்கியில் முடங்கிய படைவீரர்களுக்கான மறுவாழ்வு இல்லத்தில் மீதி வாழ்க்கை. பேனாவை வாயில் கவ்வி எழுதக் கற்றுக்கொண்டார். தன் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பள்ளிப் பாடப் புத்தகம் வரை போனது. கால் நூற்றாண்டுக்கு மேல் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே எழுதினார். 2014 மே 20-ல் மறைந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தது நிறுவனம் மட்டும் இல்லை. கூடப் படித்தவர்களும் கூடப் பறந்தவர்களும் கடைசிவரை அவரை விடவில்லை.

மறைத்தால் என்ன?

தரையில் இறக்கிவிடுவார்கள் என்று தெரிந்தால் மனிதன் என்ன செய்வான்? மறைப்பான். 2022-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 3,765 விமானிகளிடம் கேட்டிருக்கிறார்கள். உரிமம் போய்விடும் என்ற பயத்தால் மருத்துவ உதவியைத் தவிர்த்த அனுபவம் உண்டு என்று 56 சதவீதம் பேர் சொன்னார்கள். படையில் இருப்பவர், விமான நிறுவனத்தில் இருப்பவர் என்று எல்லா வகையினரும் அதில் இருந்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டாம், ஆரணி போனால் போதும். பட்டுத் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு இடுப்பும் கண்ணும்தான் முதல். முந்தானை சரிகையில் ஓர் இழை தப்பினால் கூலியில் பிடிப்பார்கள். கண் மங்க ஆரம்பித்ததை எந்த நெசவாளி முதல் நாளே முதலாளியிடம் போய்ச் சொல்வார்? விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு இன்னும் ஒரு பாவு, இன்னும் ஒரு பாவு என்று ஓட்டுவார். ஆனால் அந்த வீட்டில் ஒரு நல்ல வழக்கமும் உண்டு. தறியை மகனிடம் விட்ட பெரியவர் தார் சுற்றுவார், இழை அறுந்தால் முடிவார், மருமகளுக்குக் கணக்குச் சொல்வார். தறியை விட்டு எழுந்தாரே தவிர, நெசவை விட்டுப் போகவில்லை. அந்த இடம் தனக்கு உண்டு என்று தெரிந்தவர்தான் 'எனக்குக் கண் தெரியலைப்பா' என்று தைரியமாகச் சொல்வார்.

நெசவாளி மறைத்தால் புடவையில் கோளாறு. விமானி மறைத்தால்? பல நூறு கோடி ரூபாய் விமானம், பின்சீட்டில் இன்னொரு உயிர், கீழே ஊர். அதனால்தான் சொல்கிறேன்: தரையிறக்கப்பட்டவருக்கு மரியாதையான இடம் தருவது கருணை இல்லைங்க, விமானப் பாதுகாப்பு.

பென்ஷன் சண்டை

இடத்துக்கு அடுத்தது பணம். படையை விட்டு உடல்நலக் காரணத்தால் போவதில் இரண்டு வகை. பணிக்காலம் முடிந்து போகும்போது குறைந்த மருத்துவத் தரத்தில் இருப்பது ஒன்று. பாதியிலேயே 'இனி முடியாது' என்று அனுப்பப்படுவது இன்னொன்று. இரண்டிலும் மருத்துவ போர்டு உட்காரும். குறைபாடு எத்தனை சதவீதம், அது பணியால் வந்ததா அல்லது பணியால் மோசமானதா என்று எழுதும். அந்த இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கான வழி அடைபடும்.

கணக்கு எளிது. நூறு சதவீதக் குறைபாடு என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் குறைபாட்டுக்கான தொகை. குறைபாடு குறைவானால் அதே விகிதத்தில் தொகையும் குறையும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒன்றும் இல்லை. இதில் 'ரவுண்டு' செய்யும் வழக்கமும் உண்டு: 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் எடுத்துக்கொள்வார்கள். பாதியில் அனுப்பப்பட்டவருக்கு மட்டும் இல்லை, பணிக்காலம் முடித்துப் போனவருக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த தரம்வீர் சிங் தீர்ப்பு இன்னும் முக்கியம். சேரும்போது உடம்பு நன்றாக இருக்கிறது என்று சோதித்துத்தானே எடுத்தீர்கள்? சேர்ந்த பிறகு வந்த நோய் பணியால் வந்ததில்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான், வீரர் இல்லை. தீர்ப்பின் சாரம் இதுதான். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் ராணுவத் தீர்ப்பாயத்தில் ஜெயித்தவரை அரசு மேல்முறையீட்டுக்கு இழுக்கும் வழக்கம் நிற்கவில்லை.

அரசுத் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. 2023-ல் வந்த தலைமைத் தணிக்கையாளர் அறிக்கைப்படி, ஓய்வு பெறும் அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேர் ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெறுகிறார்கள். மற்ற நிலை வீரர்களில் அது 15 முதல் 18 சதவீதம்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற நோய்கள் இதில் பெரும் பங்கு. பங்கரில் நிற்கும் சிப்பாயைவிட அதிகாரிக்கு எப்படி இத்தனை நோய் என்ற கேள்வி நியாயமானது. அதே ஆண்டு செப்டம்பரில் விதிகளையும் பெயர்களையும் அரசு மாற்றியது.

ஆனால் சந்தேகத்துக்குரிய சில பேரைப் பிடிக்க, முதுகு உடைந்தவரையும் அதே வரிசையில் நிற்க வைக்கலாமா? விமானியின் விஷயத்தில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. அவருக்கு அடிக்கடி மருத்துவச் சோதனை நடக்கிறது. எந்த ஆண்டு என்ன இருந்தது, எப்போது மாறியது என்பது படையின் கோப்பிலேயே இருக்கிறது. கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு 'நீ நிரூபி' என்று கேட்பது சரியில்லை.

சேர்வதற்கு முன்பே விழுந்தவர்கள்

எல்லாரையும் விட மோசமான நிலை பயிற்சி மாணவர்களுக்கு. துண்டிகல் விமானப்படை அகாடமியிலோ புணே அகாடமியிலோ பயிற்சியின்போது அடிபட்டால், அவர் இன்னும் அதிகாரி ஆகவில்லை. அதனால் முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்து கிடையாது. மாதாமாதம் கருணைத்தொகை மட்டும். இப்படி 1985 முதல் சுமார் 500 பேர் மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பப்பட்டார்கள் என்ற பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, ஆர்.மகாதேவன் அமர்வு. செய்தி சொன்னபடி, கருணைத்தொகை அதிகபட்சம் மாதம் 40,000 ரூபாய். படுத்த படுக்கையாக இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு ஆள் வைத்துப் பார்க்கவே அது சரியாகப் போய்விடும்.

வழக்கு வந்த சில நாளிலேயே, ஆகஸ்ட் இறுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் அரசு சேர்த்தது. நல்லதுதான். நாற்பது வருஷம் ஆகாதது நாற்பது நாளுக்குள் ஆயிற்று என்றால், முன்பே செய்திருக்க முடியும் என்றுதானே அர்த்தம்?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நான்கு விஷயம் போதும்.

ஒன்று, 'பறக்கத் தகுதியில்லை' என்ற உத்தரவோடு அடுத்த வேலை என்ன என்ற உத்தரவும் சேர்ந்தே வர வேண்டும். ட்ரோன் இயக்கம், பயிற்சி, சிமுலேட்டர், விபத்து விசாரணை, திட்டமிடல் என்று பறந்த அனுபவம் தேவைப்படும் இருக்கைகள் படையில் ஏராளம். நசிகேதாவுக்குச் செய்ததை வழக்கமாக்க வேண்டும்.

இரண்டு, தானாக முன்வந்து நோயைச் சொன்ன விமானிக்குப் பதவி உயர்வில் பாதகம் வரக் கூடாது. குறிப்பாக மனநலம். தூக்கம் வரவில்லை என்று சொல்வது குற்ற ஒப்புதல் மாதிரி ஆகிவிடக் கூடாது.

மூன்று, உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே தீர்த்து வைத்த விஷயத்தில் ஒவ்வொரு வழக்கையும் மேலே கொண்டுபோவதை அரசு நிறுத்த வேண்டும்.

நான்கு, அகாடமிக்குள் கால் வைத்த நாளிலிருந்தே பயிற்சி மாணவரைப் படையின் ஆளாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அடிபட்டது தேசத்துக்கான பயிற்சியில். விழுந்த தேதியை வைத்துப் பேரம் பேசக் கூடாது.

பழைய வட ஆற்காடு மாவட்டம் தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் பிள்ளைகளை அனுப்பும் மண். செய்யாறு, ஆரணி, வேலூர் பக்கம் வீட்டுக்கு வீடு மாமாவோ சித்தப்பாவோ மிலிட்டரியில் இருந்திருப்பார். இன்று அகாடமித் தேர்வு எழுதும் பிள்ளைகளும் பெண் விமானிகளாகும் கனவோடு படிக்கும் மாணவிகளும் இங்கே இருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு ஒரு வார்த்தை: மருத்துவ போர்டு தரும் ஒவ்வொரு தாளின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். காயம் பட்ட அன்றே அது பதிவாகிறதா என்று பாருங்கள். மறுத்தால் முதல் முறையீடு, இரண்டாம் முறையீடு, அதற்குமேல் சென்னையில் ராணுவத் தீர்ப்பாயக் கிளை இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம். 'அதெல்லாம் நமக்கு எதுக்கு' என்று கௌரவம் பார்த்து விட்டுவிடாதீர்கள். அது பிச்சை இல்லை, பாக்கி.

அபிநந்தன் திரும்பப் பறந்ததற்கு நாடே கைதட்டியது. தட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு படையின் தரம் திரும்பப் பறந்தவரை எப்படிக் கொண்டாடுகிறது என்பதில் மட்டும் தெரியாது. பறக்க முடியாமல் போனவர் அடுத்த திங்கட்கிழமை காலை எந்த நாற்காலியில் உட்காருகிறார் என்பதிலும்தான் தெரியும்.